போவா

அவள் சமையலறையில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் குளியலறைக் கதவின் கீழ்க்கீலைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை. கீழ்க்கீலைக் கழற்றுகிறவன் தரையில்தான் உட்கார வேண்டும், அந்தத் தரையில் உட்கார்ந்தால் சமையலறைப் பேச்சு காதில் விழத்தான் செய்யும். "யோசிச்சுட்டேன். போவாதான்," என்றாள். எதிர்ப்பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "ஆமா, போவா. வேற யோசனையே இல்ல." ஏதோ பாத்திரத்தை நகர்த்தி வைத்தாள். "மாமாகிட்ட இன்னும் சொல்லல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பின்னாடி ரூமக் காலி பண்ணிட்டுச் சொல்லிக்கலாம்னு இருக்கேன்." என் கையிலிருந்த திருகாணி நழுவி உருண்டு தண்ணீர் போகும் துவாரத்துக்குள் விழுந்தது. அதை நான் தேடவில்லை.

மாமா என்பது நான். அவள் என் மகனின் மனைவி. இல்லை, மனைவியாக இருந்தவள். மகன் வேறு ஊரில் வேறு ஒருத்தியோடு குடும்பம் நடத்தப் போய் ஏழு வருஷமாகிறது. அங்கே அவனுக்கு இரண்டு பிள்ளைகள் என்று கேள்வி. கோர்ட்டுக் காகிதம் வந்தது, இவள் கையெழுத்துப் போட்டாள், அடுத்த நாள் வேலைக்குப் போனாள், சாயங்காலம் திரும்பி வந்தாள். நான் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவள் மூட்டை கட்டுவாள் என்று ஒரு மாதம் காத்திருந்தேன். கட்டவில்லை. வீடு என்னுடையது, சம்பாத்தியம் அவளுடையது, சமையல் முறை வைத்து. ஏன் இன்னும் இங்கே இருக்கிறாய் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால், அட, ஏன் இருக்கிறோம் என்று அவளுக்கே தோன்றிவிடக்கூடும்.

தன்னைப் பற்றிச் சொல்லுகிறவள் போவேன் என்றுதானே சொல்ல வேண்டும், ஏன் போவா என்றாள் என்று யோசித்துப் பார்த்தேன். யோசிக்கக் கஷ்டமாகவும் இல்லை. வெறுத்துப்போன பெண்கள் தங்களையே மூன்றாம் ஆளாக்கிப் பேசுவார்கள். இவளுக்கென்ன, இவ செய்வா, இவ போவா என்பார்கள். என் வீட்டில் இருந்தவளும் உயிரோடு இருந்த வரைக்கும் அப்படித்தான் பேசினாள்.

அடுத்த மூன்று நாள் நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டேன். முதல் நாள் பின்னறையில் கிடந்த மகனின் சாமான்களை இழுத்துப் போட்டாள். உடைந்த மின்விசிறி, அவன் பள்ளிக்கூடத்துக் கோப்பைகள், ஒற்றை ஷூ. ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொன்றைத் தேடினாள், கிடைக்கவில்லை, குப்பையில் போட்டாள். இரண்டாம் நாள் என்னுடைய டேப்பை எடுத்து அந்த அறையை அளந்தாள். நீளம், அகலம், ஜன்னலிலிருந்து பிளக் பாயிண்ட் வரை தூரம், எல்லாம் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டாள். போகிறவள் எதற்கு அறையை அளக்க வேண்டும்? அன்று மத்தியானம் எனக்கு அதுவும் பிடிபட்டது. எனக்குத் துணையாக யாரையோ அந்த அறையில் வாடகைக்கு வைத்துவிட்டுப் போகப் போகிறாள். கிழவன் விழுந்தால் சத்தம் கேட்க ஒரு ஆள். அவள் செய்யக்கூடியதுதான். எதையும் அரைகுறையாக விட்டுவிட்டுப் போகிறவள் அல்ல அவள்.

நான்காம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டுவிட்டேன்.

"எப்ப?"

"எது எப்ப மாமா?"

"போறது."

"யாரு போறது?"

"நீதான் போன்ல சொன்னியே, போவா போவான்னு. வயசாச்சே தவிர காது அடைச்சுப் போகல எனக்கு."

அவள் வாயிலிருந்ததை மெல்வதை நிறுத்தினாள். பிறகு அவளுக்குப் புரையேறியது. நான் தண்ணீரை நகர்த்தி வைத்தேன். கண்ணில் நீர் வழிய, ஒரு கையால் தலையில் தட்டிக்கொண்டே மறு கையால் இல்லை இல்லை என்று ஆட்டினாள். சிரிக்கிறாள் என்பது எனக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிந்தது.

"மாமா, போவான்னா பாம்பு மாமா."

"என்னது?"

"பாம்பு. அந்த ஜாதிப் பாம்போட பேரே போவாதான். ஒண்ணு வாங்கி வளக்கலாம்னு இருக்கேன்."

"மலைப்பாம்பா?"

"மலைப்பாம்பு வேற. அது முட்டை போடும். இது குட்டி போடும். பாக்கத்தான் ஒண்ணு மாதிரி இருக்கும்."

"பாம்புக்குப் போய் எவன் போவான்னு பேர் வெச்சான்? எங்க போவா?"

"எங்கயும் போக மாட்டா. ஒரே எடத்துல சுருண்டு கெடப்பா. அதுக்காகத்தான் அது."

"கடிக்காதா?"

"கடிக்கும். விஷம் கெடையாது."

"அப்பக் கடிக்கும்."

"நீங்களுந்தான் கடிக்கிறீங்க."

சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஏழு வருஷத்தில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஆறடி ஏழடி வளருமாம். பெரிதானதும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு எலி போதுமாம், உயிருள்ள எலிகூட இல்லை, ஐஸில் வைத்ததைச் சூடுகாட்டிக் கொடுக்க வேண்டுமாம். ஒழுங்காக வைத்துக்கொண்டால் இருபத்தைந்து முப்பது வருஷம் இருக்குமாம். எல்லாம் ஒரு வருஷமாகப் படித்து வைத்திருக்கிறாள். அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். ஒரு நாளைக்கு ஐம்பது பேர் அவள் முன்னால் உட்கார்ந்து இது தெரியுது, இது தெரியல என்று சொல்ல வேண்டும். ஒரு தடவை என்னையும் உட்கார வைத்தாள். சுவரில் இங்கிலீஷ் எழுத்து. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். எதைக் காட்டினாலும் தெரியல தெரியல என்றேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து போய் அட்டையை மாற்றினாள். அதில் எழுத்தே இல்லை, மூன்று பல் உள்ள சீப்பு மாதிரி ஒரே குறி, பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையைக் காட்டினால் போதும். கடைசி வரி வரைக்கும் சரியாகக் காட்டினேன்.

"நாய் வளக்கலாமே," என்றேன்.

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள் நின்றாள். "நாய் வாசலைப் பாத்துக்கிட்டே கெடக்கும் மாமா. ஒரு வருஷம் நானே அப்படிக் கெடந்தாச்சு. இது யாரையும் தேடாது. நான் வந்தாலும் ஒண்ணுதான், வரலன்னாலும் ஒண்ணுதான். அப்படி ஒண்ணு வீட்டுல இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு."

நான் சரி என்றேன். அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். கத்துவேன், வீட்டைக் கழுவச் சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள். சரி என்றதற்கு என்னிடம் காரணம் இருந்தது, அதை அவளிடம் சொல்லவில்லை. பாம்பு வைத்திருக்கிற பெண்ணுக்கு எந்த ஊரில் எவன் வீடு கொடுப்பான்? பூனை இருந்தாலே கதவைச் சாத்துகிறார்கள். முப்பது வருஷம் வாழ்கிற பாம்பு. எனக்கு எழுபத்து மூன்று. கணக்கு எனக்குப் போதுமானதாக இருந்தது.

"பெட்டி நான் அடிக்கறேன்," என்றேன்.

நாற்பத்தொரு வருஷம் நான் செய்தது அந்த வேலைதான். சரக்குக் கிடங்கில் மரப்பெட்டி அடிக்கிறவன். மெஷின், கண்ணாடி, பளிங்கு, ஒரு தடவை பியானோ. எது வந்தாலும் அளந்து, அதைச் சுற்றிப் பெட்டி அடித்து, மேலே அம்புக்குறியும் குடையும் வரைந்து லாரியில் ஏற்ற வேண்டும். எல்லாம் போகிற பெட்டி. அந்தத் தொழிலில் முதலில் அளப்பது சாமானை அல்ல, கதவை. புதிதாக வந்த ஒருவன் அறைக்குள்ளேயே ஒரு மெஷினுக்குப் பெட்டி அடித்து முடித்துவிட்டு வெளியே எடுக்க முடியாமல் நின்றான். சுவரை இடித்தார்கள். அவன் வேலை போனதோ இல்லையோ, சாகும்வரை அவனுக்குச் சுவர் என்றே பெயர்.

அவள் கொடுத்த சீட்டில் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்று இருந்தது. பின்னறைக் கதவு இரண்டரை அடி. ஜன்னலுக்குக் கம்பி. நான் அகலத்தையும் உயரத்தையும் இரண்டே முக்காலாக வைத்துக்கொண்டேன். கை தவறியது அல்ல, மறதியும் அல்ல. சொல்லும்போது எதற்குப் பொய். தாராளமாக இருக்கட்டும் என்று அவளிடம் சொன்னேன். அவள் "சரி மாமா, பெருசா இருந்தா அதுக்கு நல்லதுதான்" என்றாள். பலகைகளைத் தனித்தனியாக உள்ளே கொண்டுபோய், அந்த அறைக்குள்ளேயே மூன்று வாரம் அடித்தேன். திரும்பத் திறக்க வேண்டிய பெட்டிக்குத் திருகாணி போடுவோம், ஒரேயடியாக மூடுகிற பெட்டிக்கு ஆணி. நான் பசை தடவி, நீள ஆணி அடித்து, மறுபக்கம் வந்த முனையை மடக்கித் தட்டி, பாம்பை உரசாதிருக்க அதன்மேல் பட்டைச் சட்டம் வைத்து மூடினேன். மடக்கிய ஆணியைப் பிடுங்கினால் பலகையும் சேர்ந்து கிழியும். முன்பக்கம் மேலும் கீழும் காடி வெட்டி, அதில் இடமும் வலமும் நகர்கிற இரண்டு கண்ணாடி வைத்தேன். காற்றுக்குத் துளை. சூட்டுத் தட்டுக்கும் அதன் சூட்டைக் கட்டுப்படுத்துகிற பெட்டிக்கும் வயர் போக வழி. ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி, பாம்பு தனக்கு வேண்டிய இடத்துக்குப் போய்க்கொள்ளுமாம். பசை வாசம் போக இன்னும் இரண்டு வாரம் திறந்து வைக்கச் சொன்னாள். பாம்புக்கு ஆகாதாம். அந்த இரண்டு வாரமும் தினம் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தாள்.

மோந்து திருப்தியான வாரம், விடுமுறை நாளில், என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். மீன் தொட்டி விற்கிற கடைக்குப் பின்னால் ஒரு நீள அறை. உள்ளே வெக்கை, மரத்தூள் வாசம், ஈரச் செய்தித்தாள் வாசம். துணி வைக்கிற அலமாரி மாதிரி சுவர் முழுக்க பிளாஸ்டிக் இழுப்பறைகள். கடைக்காரன் ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினான், ஒவ்வொன்றிலும் ஒரு பாம்பு. முப்பது வயது இருக்கும், பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். பாம்பு, பல்லி, ஆமை எல்லாமே அவனுக்குச் செல்லம். "வா செல்லம்," "இந்தச் செல்லத்தப் பாருங்க மேடம்." நானும் அவனுக்கு அந்தப் பேரையே வைத்துக்கொண்டேன். பல்லைக் காட்டுகிறவனிடம் சாமான் வாங்கும்போது சாமானைத்தான் பார்க்க வேண்டும், பல்லை அல்ல.

அவள் போனில் படம் பார்த்து முடிவு செய்து வைத்திருந்த பாம்பு ஐந்தாவது இழுப்பறையில் இருந்தது. அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். உடம்பு மரப்பாலிஷ் போட்ட மாதிரி, வாலுக்குப் போகப் போக செங்கல் சிவப்பு. செல்லம் அதை அவள் கையில் வைத்தான். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். பாம்பு தலையைத் தூக்கி மேலே பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது.

"பாருங்க, மேடம் மூஞ்சியத்தான் பாக்குது செல்லம். புடிச்சுப் போச்சு அதுக்கு."

அது யார் மூஞ்சியையும் பார்க்கவில்லை. கூரையையும் பார்க்கவில்லை. பலகை வாங்கும்போது நுனியில் ஒரு கண்ணை வைத்து நீளவாட்டில் பார்ப்போம், முறுக்கு இருந்தால் தெரியும். அப்படிப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே ஏதோ முறுக்கு. எனக்குப் பாம்பு தெரியாது, சொல்லத் தெரியவில்லை. இழுப்பறையில் ஒட்டியிருந்த அட்டையை எடுத்தேன்.

"அது சாப்பாட்டு அட்டைங்க ஐயா. என்னைக்கு என்ன சாப்பிட்டுச்சுன்னு ஒண்ணு விடாம எழுதியிருக்கு. ரெண்டு வருஷம். ஒரு தடவகூட வேண்டாம்னு சொன்னதில்ல செல்லம்."

இங்கிலீஷ். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் எழுதிய விதம் தெரியும். முதல் வரியும் கடைசி வரியும் ஒரே மை, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். இந்த வெக்கையில் இரண்டு வருஷம் தொங்கிய அட்டை, எலி பிடித்த ஈரக்கையால் எடுத்து எடுத்து எழுதிய அட்டை, ஒரு விரல் ரேகைகூட இல்லாமல் இருந்தது. எங்கள் கிடங்கில் தினம் ஆணி சோதித்து எழுத வேண்டிய தாளை மேஸ்திரி மாதக் கடைசி சனிக்கிழமை உட்கார்ந்து முப்பது நாளுக்கும் எழுதுவார். முப்பது நாளும் ஒரே முகமாக இருக்கும்.

"இது ஒரே மூச்சுல எழுதினதும்மா," என்றேன் அவளிடம்.

செல்லம் சிரித்தான். "ஐயா என்ன, போலீஸ்ல இருந்தாரா?"

"பெட்டி அடிச்சேன்."

அவள் அட்டையை வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பாம்பை மேஜைமேல் வைத்து, மெதுவாக மல்லாக்கத் திருப்பிவிட்டு, கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். நோயில்லாத பாம்பு உடனே புரண்டுகொள்ளும் என்று பிறகு சொன்னாள். அது வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. தலை எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் ஆடியது. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள், உதடு அசைந்தது. பிறகு தானே இரண்டு கையாலும் அதைத் திருப்பி எடுத்து, தூங்குகிற பிள்ளையை வைப்பது போல இழுப்பறையில் வைத்து மூடினாள்.

"வேற காட்டுங்க," என்றாள். செல்லத்தின் பல் கொஞ்சம் உள்ளே போயிருந்தது.

கடைசி வரிசையில், தரையை ஒட்டி ஒன்று இருந்தது. சேறு நிறம், முதுகில் பழைய சாக்குத் தைத்தது போல வரி. வெளியே எடுத்ததும் புஸ் என்றது. அவள் மணிக்கட்டைச் சுற்றி இறுக்கிக்கொண்டு, நாக்கை நீட்டி அவள் சட்டைப் பொத்தானை விசாரித்தது. இவள் சும்மா இருக்கவில்லை. கண்ணோரம் உண்ணி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாள், மூச்சில் சளி இரைகிறதா என்று காதை வைத்துக் கேட்டாள், வால் பக்கம் சுத்தமா என்று தூக்கிப் பார்த்தாள். மல்லாக்கப் போட்டாள், போட்ட வேகத்தில் புரண்டது. நான் அட்டையை எடுத்தேன். மூன்று பேனா. ஒரு மூலை கிழிந்திருந்தது. நடுவில் டீ டம்ளர் வைத்த வட்டம். சில வரிகளில் பெருக்கல் குறி.

"இது என்ன?"

அவள் படித்தாள். "சாப்பிடல. சாப்பிடல. மறுபடி சாப்பிடல. இங்க தோல் உரிச்சிருக்கு. அப்புறம் சாப்பிட்டுச்சு."

"இதுதான் அட்டை," என்றேன்.

"பொண்ணுதாங்க அது, ரெண்டு வயசு," என்றான் செல்லம், பாராட்டுகிற குரல் இல்லாமல். "கலர் கம்மி. கொஞ்சம் கோவக்காரி."

"இருக்கட்டும்," என்றாள் அவள். பிறகு, வேறு எதையோ விசாரிப்பது போல, "இதத் தூரமாக் கொண்டுபோகலாமா? பத்து மணி நேரம், கார்ல?" என்று கேட்டாள்.

"தாராளமா. பையில போட்டா ஒரு நாள்கூட இருக்கும்."

எனக்கு அந்த அறையின் வெக்கை அப்போதுதான் உறைத்தது.

லைசென்ஸ் பாரம் ஒன்று இருந்தது. வளர்க்கிறவர் இல்லாத சமயத்தில் பொறுப்பு ஏற்கிற பெரியவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். செல்லம் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "ஐயாவுக்கு வயசு...?" என்று இழுத்தான்.

"எழுவத்தி மூணுன்னு போடு. பாம்புக்கு ரெண்டு. கழிச்சுப் பாக்காத."

"உறவு?"

கோர்ட்டுக் காகிதத்துக்குப் பிறகு அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாது. வீட்டுச் சொந்தக்காரர் என்று எழுதலாம். அது பொய்யில்லை.

"மாமா," என்றாள் அவள்.

"மாமான்னா எந்த மாமா மேடம்? அம்மா கூடப் பொறந்தவரா, இல்ல உங்க வீட்டுக்காரரோட..."

"மாமான்னா மாமாதான். அப்படியே எழுதுங்க."

அவன் எழுதினான். நான் என் பேரை எழுத்தெழுத்தாகப் போட்டேன். எப்போதும் போல நேரம் எடுத்தது, இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது அவள் தோள்பையிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்தாள். நீலக் கோடு போட்டது. என்னுடையது, அன்று காலையில் என் தலையணையிலிருந்து உருவியிருக்கிறாள். செல்லம் நான்கடிப் பாம்பை உறைக்குள் இறக்கினான், அது தண்ணீர் ஊற்றுகிற மாதிரி இறங்கியது. வாயைச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கொடுத்தான். அவ்வளவுதான். ஒரு கிலோ சர்க்கரை வாங்குகிற மாதிரி முடிந்துவிட்டது.

பஸ்ஸில் அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருத்தி மூட்டையில் என்ன என்று கேட்டதற்கு, "துணி," என்றாள். துணி ஒரு தடவை அசைந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்று வார வேலை. பசை, நீள ஆணி, மறுபக்கம் மடக்கித் தட்டியது, எல்லாம். பெட்டி போகாவிட்டால் பாம்பு போகாது, பாம்பு போகாவிட்டால் அவள் போக மாட்டாள் என்று கணக்குப் போட்டிருந்தேன். பெட்டி அடிக்கிறவன் மட்டுமே போடக்கூடிய கணக்கு அது. நாற்பத்தொரு வருஷமாக என் கண்ணுக்குப் பெட்டிதான் சாமான், உள்ளே இருப்பது கடைசியில் வருவது. பாம்புக்குப் பெட்டி எதற்கு? என் தலையணை உறை போதும்.

பெட்டிக்குள் விட்டதும் பாம்பு ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்து அளந்தது. சுவரோரமாக நீளத்துக்கு, பிறகு அகலத்துக்கு, பிறகு சுவரில் ஏறி உயரத்துக்கு. ஒரு நாள் முழுக்க அளந்துவிட்டு, மறைந்துகொள்ள வைத்திருந்த மரக்கூட்டுக்குள் போய்ச் சுருண்டது. ஒரு வாரம் யாரும் தொடக் கூடாது என்று அவள் சொன்னாள். தொடவில்லை. காலையில் சூடு பார்ப்பாள், தண்ணீர் மாற்றுவாள், போவாள். அவள் வேலைக்குப் போன பிறகு நான் ஸ்டூலைப் போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் உட்காருவேன். ஒன்றும் நடக்காது. பத்தாம் நாள் தன் முதல் எலியைச் சாப்பிட்டது. அட்டையில் எழுதினாள், புது அட்டை, எங்கள் வீட்டு அட்டை. உறையைத் துவைத்துக் காயவைத்து, நான்காக மடித்துப் பெட்டியின் மேலேயே வைத்துவிட்டாள். நான் வெறும் தலையணையில் படுத்தேன்.

எலி தின்ற மறுநாள் சாயங்காலம், வேலையிலிருந்து வந்தவள் கைப்பையைக்கூட இறக்காமல் பின்னறை வாசலில் நின்றாள். நான் ஸ்டூலில் இருந்தேன்.

"கதவு ரெண்டரை," என்றாள். கண்ணாடி நம்பர் சொல்லுகிற அதே குரல். "பெட்டி ரெண்டே முக்கால்."

"அளவு தப்பிருச்சு," என்றேன்.

"ஆணியா, ஸ்க்ரூவா?"

"ஆணி."

"மடக்கியா?"

சுவர் கதையை அவளுக்கு நான்தான் எப்போதோ சொல்லியிருந்தேன். மடக்குகிறதையும் சொல்லியிருப்பேன். "மடக்கிதான்," என்றேன்.

அவள் உள்ளே வந்து பெட்டியின் ஓரத்தில் கையை வைத்தாள். "நான் தெனமும் நம்பர் பாக்கறவ மாமா. நீங்க மொதப் பலகைய அறுத்த அன்னைக்கே தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நீங்களும் சொல்லியிருக்கலாமே."

பாம்பு கூட்டுக்குள்ளிருந்து தலையை மட்டும் வெளியே வைத்திருந்தது. எங்கள் இருவரில் யாரையும் பார்க்கவில்லை, அதற்காகத்தானே அதை வாங்கியது.

"எங்க கம்பெனி வேற ஊர்ல புதுக் கடை தொறக்கறாங்க," என்றாள் அவள். "அங்க பொறுப்பா இருக்க என்னக் கேட்டிருக்காங்க. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்."

"என்ன சொன்ன?"

"இன்னும் சொல்லல."

அந்த வார்த்தையை நான் முன்னாலும் கேட்டிருக்கிறேன், குளியலறைத் தரையில் உட்கார்ந்து. அவள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பி, பெட்டியையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று அந்த வெளிச்சத்தில் எனக்குத் தெரியவில்லை.

"எப்படிப் பாத்தாலும் இந்தப் பெட்டி போகாது மாமா," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள்.

பிறகு கருவிப் பெட்டியைத் திறந்து ஆணி பிடுங்கும் கம்பியை எடுத்தேன். இரண்டு முழ நீளம், ஒரு நுனி பிளந்தது, கைபட்டுக் கைபட்டுப் பளபளப்பானது. அதைக் கொண்டுபோய்ப் பெட்டியின் மேல், மடித்த உறைக்குப் பக்கத்தில், அவள் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். போக வேண்டுமென்றால் பெட்டியைப் பிரித்துக்கொள்ளட்டும். பலகை கிழியும்தான். கிழிந்தால் கிழியட்டும்.

மறுநாள் நான் எழுந்தபோது அவள் வேலைக்குப் போயிருந்தாள். பின்னறைக்குப் போனேன். மேலே உறை மட்டும் இருந்தது, அதே நான்கு மடிப்பு. கம்பியைக் காணோம். குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. கீழ்க் காடியில், கண்ணாடி நகரும் வழியில், கம்பியைப் படுக்க வைத்திருந்தாள். பாம்பு உள்ளிருந்து எவ்வளவு முட்டினாலும் கண்ணாடி இனி ஒரு விரல்கடைகூட நகராது. முட்டுக் கொடுக்க ஒரு இரும்பு வேண்டியிருந்தது, கையில் கிடைத்தது, வைத்துவிட்டுப் போயிருப்பாள். இல்லை, எனக்கு அவள் சொன்ன பதிலாகவும் இருக்கலாம். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கம்பியின் நீளத்துக்குச் சரியாக, பாம்பு தன் தலையைக் காடியின் ஓரத்தில் சாய்த்துக் கிடந்தது. நாக்கு வெளியே வந்தது, கண்ணாடியின் இடுக்கு வழியாக இரும்பைத் தொட்டது, உள்ளே போனது. மறுபடி வந்தது.